கிட்டார் அக்காவின் இரண்டு பெட்டிகள்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் சந்துக் கிட்டார் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ச்சு' என்றாள். கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் தாயார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பெண் வீட்டில் வந்து ஒருத்தி உச்சுக் கொட்டினால் என்ன அர்த்தம்? ஏதோ குறை இருக்கிறது, அது அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, நமக்கு மட்டும் மறைத்துவிட்டார்கள் என்றுதானே? அம்மா என்னை முறைத்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலியா இருக்க சொல்ல இந்தக் கூடம் கணீர்னு இருந்துச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல். "இப்ப ஆளுங்க ரொம்பிட்டாங்க. சத்தத்தைக் குடிச்சிட்டாங்க. மெத்துன்னு கீது. நீ பயப்படாம பாடுடி, நல்லா வரும்."

பாடினேன். நன்றாகத்தான் வந்தது. சம்பந்தம் முடிந்து, இரண்டு தெரு தள்ளியே வாழ்க்கைப்பட்டேன். அந்த அம்மாள் உச்சுக் கொட்டினதால்தான் காதைத் தீட்டிக்கொண்டு உன் பாட்டைக் கேட்டேன் என்று என் கணவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த 'ச்சு' அக்காவின் பழக்கம். கோயில், கிடங்கு, மளிகைக்கடை, சாவு வீடு எதுவானாலும் உள்ளே காலை வைத்ததும் ஒரு தட்டுத் தட்டி, போன சத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்பாள். நாம் ஒரு இடத்துக்குப் போனால் சுவரைப் பார்ப்போம், மனிதர்களைப் பார்ப்போம். அவள் அந்த இடத்தின் எதிரொலியைப் பார்ப்பாள். சாவு வீட்டில் மட்டும் அவள் உச்சுக் கொட்டினதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ராயபுரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் எங்கள் சந்து. அக்கா சந்தின் கோடியில் தன் தகப்பனாருடன் இருந்தாள். பாரிமுனைப் பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வெளியூர் டிரங்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் பலகை முன்னால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கே இங்கிலீஷில் பேசுவாள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் எங்கள் பாஷைக்கு வந்துவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வரவங்க பேசறதையெல்லாம் கேட்டுக்கினுதான் கீறேன். ஒண்ணும் செட் ஆவல," என்பாள். அதை வருத்தமாகச் சொன்னதே கிடையாது.

அவளை எல்லாரும் கிட்டார் அக்கா என்பார்கள். ஹவாயன் கிட்டார். மடியில் படுக்கப் போட்டு, இடது கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்து நரம்பின் மேல் வழுக்கி வழுக்கி வாசிக்கிற வாத்தியம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது, தேன் மாதிரி இழுபட்டுப் போகும். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது துறைமுகத்துப் பக்கம் கழித்துப் போட்ட சாமான்களில் அவளுக்குக் கிடைத்தது அது. வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. ரேடியோவில் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள்.

பிறகு, நரம்பை வாசிக்கும்போதே காலால் ஏற்றி இறக்க வேண்டும் என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றிவிட்டது. வெளிநாட்டில் அப்படி மிதி வைத்த கிட்டார் வந்திருப்பதாக யாரோ கப்பல்காரர் சொன்னாராம். தண்டையார்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் போனாள். பாய் ஒரு தையல் மெஷின் ஸ்டாண்டின் மேல் கிட்டாரை ஏற்றி, சைக்கிள் பிரேக் கம்பியைக் கீழே இரண்டு மிதிகளுக்கு இழுத்துக் கட்டிக் கொடுத்தார். மிதித்தால் நரம்பு இறுகும், விட்டால் தளரும். அதை முதல் தடவை மேடையில் பார்த்த ஒரு பெரியவர், "பாட்டுக் கச்சேரின்னு சொல்லிட்டு ஒரு பொம்பள சட்டை தச்சுக்கினு கீதே," என்றார். அக்காதான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

எங்கள் பார்ட்டி சின்னது. ஆர்மோனியம் மாஸ்டர், தபலா, கிளாரினெட், நான், அக்கா. கல்யாணம், திருவிழா, ஆலைகளின் ஆண்டு விழா என்று எண்ணூர் வரைக்கும் போவோம். ஆண்கள் நடுவே இரண்டு பெண்கள் மேடையேறுவதை அந்தக் காலத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அக்கா கூட இருந்ததால் என் மாமியார் என்னை அனுப்பினார்.

அக்காவுக்குத் தன் வாத்தியத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. "மொட்டையா கீதுடி," என்பாள். "இழுக்கறேன், வுடறேன், அத்தோட செத்துப் போவுது. கொஞ்சம் நின்னு போனா இன்னா?"

அந்த 'கொஞ்சம் நின்னு போற' சத்தத்துக்காக அவள் என்னை இழுத்துக்கொண்டு அலைந்த இடங்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரயில்வே யார்டில் காலியாகக் கிடந்த தண்ணீர்த் தொட்டி. தண்டையார்பேட்டைக் கிடங்கின் மாடிப்படி. திருவொற்றியூரில் கட்டி முடிக்காத ஓர் ஆலைக் கொட்டகை. எண்ணூரில் உப்பு இறக்கி வைக்கும் கொட்டடிக்குள் என்னை நிறுத்தி, "நீ கூவு, நான் வெளியே நின்னு கேக்கறேன்," என்றாள். நான் கூவினேன். காவல்காரன் தடியோடு ஓடி வந்தான். இரண்டு பேரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் ஓடினோம். ரயில் ஏறி மூச்சு வாங்கிய பிறகு, "உப்பு இருக்கற எடத்துல வராதுடி, ஈரம். தொட்டிதான் பெஸ்ட்டு," என்றாள். தொட்டியை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதுதான் பிரச்சினை.

பாய்தான் அதற்கும் வழி பண்ணினார். அக்காமேல் அவருக்குத் தனி மரியாதை. கடைக்கு வருகிறவர்களெல்லாம் ரேடியோ பாடுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்; எப்படிப் பாடுகிறது என்று கேட்கிற ஆள் இவள் ஒருத்திதான் என்பார். ஒரு வருஷம் மெனக்கெட்டு அவளுக்காக இரண்டு பெட்டிகள் செய்தார்.

முதல் பெட்டியில் மெல்லிசான நீளமான ஸ்ப்ரிங்குகள். கிட்டார் சத்தம் மின்சாரமாகி ஸ்ப்ரிங்கின் ஒரு முனையில் புகுந்து, அதிர்ந்து அதிர்ந்து மறுமுனையில் வெளியே வரும். தண்ணீர்த் தொட்டிக்குள் வாசித்த மாதிரி இருக்கும். ஆனால் பெட்டியை யாராவது இடித்துவிட்டால் இடி விழுந்தது போலக் கேட்கும். ரோட்டில் லாரி போனாலே உறுமும்.

இரண்டாவது பெட்டிதான் பாயின் பெருமை. ஸ்டூடியோக்காரர்கள் கழித்த டேப் ரெக்கார்டர் ஒன்றின் பாகங்களை வைத்துச் செய்தது. சுற்றிக்கொண்டே இருக்கிற நாடா. ஓரிடத்தில் சத்தத்தைப் பதியும், சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் அதையே எடுத்து ஒலிக்கும். அந்த இடைவெளிதான் தாமதம். நீங்கள் ஒன்று வாசித்தால் அரை மூச்சு கழித்து அது அப்படியே திரும்பி வரும், பிறகு இன்னும் மெல்லிசாக ஒரு தடவை, பிறகு இன்னும்.

"இதுதாம்மா பெட்டி!" என்றார் மாஸ்டர் அதைப் பார்த்ததும். "சினிமாப் பாட்டுல வர்ற மாதிரியே கீது. அது சுத்தறதைப் பாக்கவே கூட்டம் வரும்."

பாய் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் எங்கிட்ட கொஞ்ச நாள் இருக்கட்டும் பாய்," என்றாள் அக்கா. "பொறுமையா கேக்கணும்."

ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டாள். வேகமான பாட்டுக்கு, மெதுவான பாட்டுக்கு, தாலாட்டுக்கு, கும்மிக்கு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். மூன்று நரம்பை எனக்குக் காட்டிக் கொடுத்து, வீட்டுக்குள் உட்கார்ந்து என்னை மீட்டச் சொல்லிவிட்டு அவள் சந்து முனையில் போய் நின்று கேட்பாள். "வாசிக்கறவ காதுக்கு எல்லாமே சோக்காத்தான் கீது. கேக்கறவ காதைக் கேக்கணும்," என்பாள். மீன்காரியை நிறுத்தி, "யம்மா, எது தூரத்துல இருந்து வர்ற மாதிரி கீது, எது பக்கத்துல?" என்று விசாரிப்பாள். மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டுப் பதில் சொல்லிவிட்டுப் போவாள். அக்கா கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஸ்ப்ரிங் பெட்டியை அளவோடு வைத்தால்தான் சரிவரும் என்று முதலில் கண்டுபிடித்தாள். "வழுக்கிக்கினு போற சத்தத்துக்கு வாலு நீளமா இருந்தா அதுவே அது கால்ல சிக்கி வுழுந்துடும்." நாடாப் பெட்டியில் திரும்பி வருவது தாளத்தில் சரியாக விழ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுவது போலாகிவிடும். அதைச் சொல்லும்போது டிரங்க் கால் கதை சொல்வாள். தூரத்து லைனில் சில நாள் பேசுகிறவர் குரல் அவர் காதுக்கே தாமதமாகத் திரும்பி வருமாம். தன் குரலையே எதிராளி குரல் என்று நினைத்து, "யாரு, யாரு?" என்று கத்துவார்களாம். "நடுவுல பூந்து, சார், அது உங்க குரல்தான், வந்து போவட்டும், அப்பால பேசுங்கன்னு சொல்லணும். அதைச் சொல்லாம வுட்டுட்டா மனுசன் பைத்தியமாயிடுவான்டி."

எந்தப் பெட்டி என்று அவள் முடிவு சொல்லுமுன் அந்த விபத்து நடந்தது.

கடலில் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குச் சரக்கு ஏற்றிப் போன படகு ஒன்று அலையில் கவிழ்ந்துவிட்டது. அதிலிருந்தவர்களில் சிலர் நீந்திப் பிழைத்தார்கள். இறந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரை ஒதுங்கினார்கள். சின்னா என்று ஒரு பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது, அவன் மட்டும் வரவே இல்லை. அவன் தாய்க்கு அவன் ஒரே பிள்ளை. அவள் அழவில்லை. காரியம் செய்ய விடவில்லை. தினமும் கடலோரம் போய் உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு எடுத்து வைத்தாள்.

தொழிலாளர் சங்கத்தில் அனுதாபக் கூட்டம் வைத்தார்கள். எங்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். முந்தின நாளே அக்கா அந்தக் கூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தாழ்ந்த கூரை, மூங்கில் தட்டி. ஜனம் நிறைந்தால் சத்தம் ஒன்றுமே நிற்காது, ஸ்ப்ரிங் போதாது என்றாள். நாடாப் பெட்டியை அவளேதான் எடுத்துவரச் சொன்னாள். பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம். கூடம் கொள்ளாத கூட்டம். சின்னாவின் தாயை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் ஒரு பாட்டுப் பாடினேன். அடுத்து அக்கா தனியாக வாசிப்பதாக ஏற்பாடு. படகு வலிக்கிறவர்கள் பாடும் மெட்டு ஒன்றை எடுத்தாள். அந்தப் பாட்டை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். முன்னால் இருப்பவன் ஓரடி பாடுவான், துடுப்புப் போடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அதே அடியைத் திருப்பி எடுப்பார்கள். அக்கா முதலடியை இழுத்து விட்டாள். பெட்டி சுற்றியது. அரை மூச்சு கழித்து, அந்த அடி எங்கிருந்தோ திரும்பி வந்தது. அவ்வளவு சரியாக வந்தது.

அக்கா இரண்டாவது அடியை வாசித்தாள். பதில் வந்தது.

சின்னாவின் தாய் எழுந்து நின்றாள்.

"எடுக்கறான்," என்றாள். "கேளுங்க, எம்புள்ள எடுக்கறான்! எதிர்ப்பாட்டு எடுக்கறான்!"

பெண்கள் விசும்பத் தொடங்கினார்கள். மாஸ்டர் அக்காவைப் பார்த்து, நிறுத்தாதே, வாசி என்று கையாட்டினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவள் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும் போலத்தான் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தத் தாயின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அக்கா நரம்பின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். பெட்டி மட்டும் கடைசி அடியை மெல்லிசாக இன்னும் இரண்டு தடவை சொல்லி ஓய்ந்தது. அவள் எழுந்து மேடையை விட்டு இறங்கி, அந்த அம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"யம்மா, அது அவன் இல்ல."

"நீ சொம்மா இரு. நான் கேட்டேன். நீ ஏன் நிறுத்திட்ட?"

"அது பெட்டிம்மா. நான் வாசிச்சதைத்தான் திருப்பிச் சொல்லுது. வா, காட்டறேன்."

கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தாள். மைக்கைப் பெட்டியில் மாட்டச் சொன்னாள். பாய் பெட்டியைக் கையால் மறைத்தார். "வேணாம் தங்கச்சி," என்றார் மெல்ல. அக்கா தானே மாட்டினாள்.

"கூப்புடும்மா."

அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு, "சின்னா!" என்று கூப்பிட்டாள்.

'சின்னா' என்று திரும்பி வந்தது. கிழிந்துபோன ஒரு பெண்குரல். மறுபடி, 'சின்னா'. மறுபடி.

"இது என் குரலு," என்றாள் அவள்.

"ஆமாம்மா."

"அவன் ஒண்ணும் சொல்லல."

"ஆமாம்மா. ஒண்ணும் சொல்லல."

அந்த அம்மாள் அப்படியே அக்காவின் தோளில் சாய்ந்தாள். அதுவரைக்கும் அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

கூட்டத்தில் சலசலப்பு. "கெழவிக்கு கெடைச்ச ஒரு ஆறுதலையும் புடுங்கிட்டாளே," என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். அக்கா அவளைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டு, கிட்டார் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அதே மெட்டை மொட்டையாக எடுத்தாள். முதல் அடி போய்ச் செத்தது. திரும்பி ஒன்றும் வரவில்லை. அவள் அந்த இடைவெளியை நிரப்பவில்லை, காத்திருந்தாள். இரண்டாவது அடி. பின்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் அதைத் திருப்பி எடுத்தது. அந்தப் படகிலிருந்து பிழைத்து வந்தவர்களில் ஒருவன். மூன்றாவது அடிக்கு அவன் பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு கூடமே எடுத்தது.

வெளியே வந்ததும் மாஸ்டர் அவளோடு பேசவில்லை. பாய் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனாள்.

"எம் பெட்டியில இன்னா குத்தம்?" என்று கேட்டார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"குத்தம் இருந்தா கண்டி பரவால்லயே பாய். அத்தினி நல்லா செஞ்சிட்டீங்க. அதான் பேஜாரா பூட்டுது. எடுத்துனு வரச் சொன்னது நானு. தப்பு என்னுது."

பாய் தலையை நிமிர்த்தினார். பிறகு டீக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா எங்கும் ஸ்ப்ரிங் பெட்டியைத்தான் எடுத்துப் போனாள். லாரி சத்தத்துக்கு அது உறுமாமல் இருக்க அடியில் ஒரு தலையணை. நாடாப் பெட்டியைப் பாயிடமிருந்து வாங்கி மாஸ்டர் வேறு பார்ட்டிகளுக்கு வாடகைக்கு விட்டார்; கூட்டம் அதைப் பார்க்க வரத்தான் செய்தது. அக்காவுக்கு அதில் கோபமில்லை. "அவங்க பாட்டுக்கு அது நல்லா கீது," என்பாள். அவள் செய்தது சரியா என்று அக்கம்பக்கத்தில் ரொம்ப நாள் வழக்கு நடந்தது. அவள் அதில் கலந்துகொள்ளவே இல்லை. எங்கள் பார்ட்டிக்குச் சில கச்சேரிகள் போயின, வேறு சில வந்தன.

மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அக்கா வீட்டில் பாட்டு ஒத்திகைக்கு இருந்தேன். சின்னாவின் தாய் வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பொட்டி இன்னும் கீதா?" என்று கேட்டாள்.

அக்கா நரம்பிலிருந்து கையை எடுத்தாள். "எதுக்கும்மா?"

"இன்னொரு தபா கூப்புடணும். அது நான்தான்னு எனக்குத் தெரியும். நீ பயப்படாதே."

அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அக்கா மாஸ்டர் வீட்டுக்குப் போய் பெட்டியைக் கேட்டு வாங்கி, ரிக்‌ஷாவில் வைத்துத் தானே எடுத்து வந்தாள். மாட்டினாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீ இரும்மா," என்றாள் அந்தத் தாய்.

"சின்னா," என்று கூப்பிட்டாள். அன்று கூப்பிட்டது போல இல்லை. பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவது போல. அவள் குரல் அவளிடமே திரும்பி வந்தது, தேய்ந்தது, இன்னொரு தடவை வந்தது, நின்றது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்கு எதுவும் சொல்லவில்லை.

"போதும்," என்றாள் அவள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வர்ற வெள்ளிக்கெழம கடலோரம் அவனுக்குக் காரியம் வெச்சிருக்கேன். நீயும் வந்து வாசிக்கணும்."

"வரேம்மா," என்றாள் அக்கா. "பெட்டி ஏதும் எடுத்துனு வரட்டா?"

அவள் வாசற்படி இறங்கிக்கொண்டே யோசித்தாள்.

"அதெல்லாம் வேணாம். நீ மட்டும் வா."